ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க்கரை (ஏரிக்கரை) ஊர்களில் எண்பது, தொண்ணூறு தாண்டியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யும் வேலையை நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்துவருகிறோம். "எங்க ஊர்லயும் செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம். உதாரணங்கள் எங்கள் சீமையைச் சேர்ந்தவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊர் வரலாறுதான் கெசட்டியரிலும் கல்வெட்டிலும் இருக்கிறதே. வயதானவர்களிடம் புதிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது?

கண்மாயையே எடுத்துக்கொள்வோம். ஆயக்கட்டு (பாசன நிலம்) எத்தனை ஏக்கர், கரை எவ்வளவு நீளம், தண்ணீர் திறக்கும் மடை எத்தனை, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடைக்காரருக்கு எப்போது முறை வரும், வரத்துக்கால் எந்த இடத்தில் தூர்ந்தால் தண்ணீர் பக்கத்து ஊருக்குத் திரும்பிவிடும் என்பது அதில் இருக்காது. அது, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருக்கும் நீர்ப்பாய்ச்சியின் தலையில் இருக்கும். சில ஊர்களில் அவரை நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் மடைக்குடும்பன்.

அப்படி ஒரு நீர்ப்பாய்ச்சி ஐயா. பார்வை மங்கிவிட்டது. வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டபோது, "என்னத்தச் சொல்ல, அப்ப மழை பேஞ்சுச்சு, வெளஞ்சுச்சு" என்பதோடு முடித்துக்கொண்டார். கண்மாய் வற்றிக் கிடந்த மாசி மாதத்தில் பேரன் அவரைக் கைபிடித்து மடைக்குக் கூட்டிப்போனான். மடைத்தூண் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் குறுக்குக் கல்லைத் தடவிக்கொண்டே தானாகப் பேச ஆரம்பித்தார். "மேக்கல்லு முங்குனா தை கடைசி வரைக்கும் தாங்கும். நடுக்கல்லு தெரிஞ்சா ஊரைக் கூட்டணும். அடிக்கல்லு தெரிஞ்சுருச்சுன்னா எவனும் தன் வயலுக்குன்னு மம்பட்டி எடுக்கக் கூடாது. நான் ஒருத்தந்தேன் பாய்ச்சுவேன்." அந்த ஊரின் தண்ணீர்ச் சட்டம் முழுவதும் இந்த நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை.

பெரியவர்கள் வெறுமனே பழையதைச் சுமந்துகொண்டிருப்பதில்லை. கேட்க ஆள் வந்து, கேட்கவேண்டிய இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அந்த நினைவு வெளியே வருகிறது. ஆள் வராத வீட்டில் தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்தவரிடமிருந்தும் ஊருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பாட்டி சொன்ன கதை ஆபத்துக்கு உதவும் என்கிறார்கள். கொஞ்சம் மிகையாக இல்லையா?

பல இடங்களில் மிகைதான். ஆனால் சிமெலுவே தீவின் கதை மிகை இல்லை. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள இந்தோனேசியத் தீவு அது. 1907இல் அங்கே பேரலை அடித்து ஏராளமானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதைத் தாலாட்டிலும் பாட்டிலும் கதையிலும் ஏற்றிவைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் செய்தி. அந்த அலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஸ்மோங். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு வெகு அருகில் இருந்த தீவு அதுதான். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். தாய்லாந்தின் சுரின் தீவுகளில் இருந்த மோக்கன் கடலோடிகளும் பெரியவர்கள் சொல்லிவைத்திருந்த அடையாளத்தைப் பார்த்து மேடேறித் தப்பினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். நம் கரையில் புயல் நினைவு நிறைய உண்டு, இப்படிப்பட்ட அலையின் நினைவு இல்லை.

1907க்கும் 2004க்கும் நடுவே 97 வருடம். அலையைக் கண்ணால் பார்த்தவர் 2004இல் அங்கே அநேகமாக யாரும் இருந்திருக்கமாட்டார்கள். கேட்டவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. நீண்ட ஆயுளை விட இந்தக் கைமாற்றம்தான் முக்கியம்.

எவ்வளவு பின்னால் போக முடியும்?

நினைப்பதை விட அதிகமாக. 1937 வாக்கில் பிறந்த ஒரு அப்பத்தாவை (அப்பாவின் அம்மா) எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது அவருடைய அப்பத்தாவுக்கு எண்பது என்றால், அந்த மூத்தவர் 1867இல் பிறந்தவர். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைச் சிறுமியாகப் பார்த்தவர். ஆக, உங்கள் முன்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பவர் தாது வருடப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் வாயாலேயே கேட்டிருக்க முடியும். என்ன கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், எந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்த் திரும்பவில்லை என்ற விவரங்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அதனால் "நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்தாமல், "உங்க அப்பத்தா உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?" என்றும் கேளுங்கள்.

பெரியவருக்குத் தன் வயதே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில், ஆதார் அட்டையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல் வந்ததுதான். அதற்கு முன்பு பதிவு இருந்தாலும் கிராமத்தில் பிறந்த எல்லாக் குழந்தையும் அதில் ஏறவில்லை. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. ஒரே ஊரில் ஒரே வகுப்பில் படித்த பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் அதுதான். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அட்டை எடுத்தவர் குத்துமதிப்பாகப் போட்டது.

தமிழ் வருடப் பெயர் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பலருக்கு இருக்கும். ஆங்கில ஆண்டு தெரியாதவரும் "நந்தன வருசம் ஆவணி" என்று டக்கென்று சொல்வார். அறுபது வருடச் சுழற்சி என்பதால் குழப்பமே இல்லை, ஒருவர் எழுபது வயதுக்காரரா பத்து வயதுக்காரரா என்பது பார்த்தாலே தெரியுமே. தாது என்றால் 1936 சித்திரை முதல் 1937 பங்குனி வரை. பார்த்திப 1945–46, சர்வஜித்து 1947–48, நந்தன 1952–53, மன்மத 1955–56, குரோதி 1964–65. நடுவில் உள்ளவற்றைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வருடப் பெயரும் வரவில்லை என்றால் சம்பவங்களைப் பிடித்துப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் சில: ஜமீன் ஒழிப்பு (சட்டம் வந்தது 1948இல்), தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர் 22 இரவு, குரோதி வருடம் மார்கழி), எம்ஜிஆர் சுடப்பட்டது (1967 ஜனவரி 12), "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று ஓட்டுக் கேட்டது (அதே 1967), அண்ணா இறந்தது (1969 பிப்ரவரி 3), காமராஜர் இறந்தது (1975 அக்டோபர் 2), பழைய ராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது (1985 மார்ச்). "அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? கையில பிள்ளை இருந்துச்சா? மூத்தவரா, அடுத்தவரா?" என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டு மூன்று வருட இடைவெளிக்குள் வயதைப் பிடித்துவிடலாம்.

காசும் உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். 1957 ஏப்ரல் முதல் நயா பைசா வந்துவிட்டாலும் இருபத்தைந்து காசை வெகுகாலம் நாலணா என்றுதான் சொன்னோம். ஆகவே "நாலணாவுக்கு வாங்கினேன்" என்பதை வைத்து 1957க்கு முன்பு என்று முடிவு கட்டாதீர்கள். "ஓட்டைக் காலணா" என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காசு 1943 முதல் 1947 வரைதான் அடிக்கப்பட்டது.

இன்னொரு இடம், சாமான் அடுக்கு. கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் தேதியும் இருக்கும். ஒரு ஆச்சி தனக்குப் பதினாறில் கல்யாணம் என்றார். அண்டாவைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்ததும் "10.6.54" என்று எழுத்து மேலே வந்தது. வயது தெரிந்துவிட்டது. ஆச்சிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். தான் இன்னும் மூத்தவள் என்று ஊரில் பேர் வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு நூற்றுப்பதினைந்து வயது என்கிறார்கள். நம்பலாமா?

மேலே சொன்ன முறையில் பிள்ளைகளின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு அறுபத்தைந்து என்றால் கணக்கு இடிக்கும். உலகத்திலேயே சரிபார்க்கப்பட்ட மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ழான் கால்மான் அம்மையாருடையது, 122 வருடம் (1875–1997). ஆண்களில் ஜப்பானின் ஜிரோமோன் கிமுரா, 116. அதற்கு மேல் சொல்லப்படும் எதற்கும் உறுதியான ஆவணம் கிடையாது.

ஆவணம் இருந்தாலும் பிசகும். 2010இல் டோக்கியோவில் 111 வயது என்று பதிவில் இருந்த ஒருவர் முப்பது வருடங்களுக்கு முன்பே வீட்டுக்குள் இறந்துகிடந்தது தெரியவந்தது. ஓய்வூதியம் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதன்பிறகு நாடு முழுக்கத் தேடியதில், ஏட்டில் நூறைத் தாண்டியவர்களில் 2,30,000க்கும் மேற்பட்டோர் எங்கே என்றே தெரியவில்லை.

நம் ஊரில் பணத்துக்காக ஏற்றுவது குறைவு, பெருமைக்காக ஏற்றுவதுதான் அதிகம். எழுபதைத் தாண்டியவர்கள் வயதைப் பத்துப் பத்தாகக் கூட்டுவார்கள், ஐம்பதைத் தாண்டாதவர்கள் குறைப்பார்கள். வயதைப் பெரியவர் முன்னால் வைத்து மறுக்கவேண்டாம். உங்கள் நோட்டில் "அவர் சொன்னது", "நாங்கள் கணித்தது" என்று இரண்டாக எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

அந்தக் காலத்தில் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டு எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்களாமே?

இல்லை. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இப்போது 70ஐ ஒட்டி இருக்கிறது. 32 என்றால் முப்பத்திரண்டில் எல்லோரும் இறந்தார்கள் என்று பொருளல்ல. பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை ஐந்து வயதைக் காணவில்லை, அதுதான் சராசரியை இழுத்துவிட்டது. தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் எண்பது, தொண்ணூறு வரை இருந்தார்கள். நமக்குத் தெரிவது அவர்களை மட்டும்தான்.

சந்தேகம் இருந்தால் எந்த அப்பத்தாவிடமும் கேளுங்கள். "பெத்தது ஒன்பது, நின்னது நாலு" என்பார். அந்த ஐந்து பிள்ளைகளின் பெயரும், எந்தக் காய்ச்சலில் எது போனது என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்மங்கூழின் மகிமையைக் கேட்பதை விட இதைக் கேட்பது கடினம். ஆனால் ஊரின் ஆரோக்கிய வரலாறு இங்கேதான் இருக்கிறது.

நல்ல சாப்பாடும் உழைப்பும் பயன் தராது என்று சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டிய பிறகும் வயலில் இறங்கியவர் என்றே அறியப்பட்டார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரைப் போல ஒருவரைக் காட்டி ஒரு தலைமுறையே அப்படித்தான் என்று பேசுவதுதான் தப்பு.

என்ன கேள்வி கேட்பது?

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சுப்பா, இப்பத்தான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்ற பதில்தான் வரும். எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் அதே பதில்.

சாமானையும் வழியையும் வேலையையும் கேளுங்கள். சந்தைக்கு எந்தப் பாதையில் நடந்தீர்கள், எங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தீர்கள்? விதை நெல்லை எதில் கட்டிவைத்தீர்கள், பேர் என்ன? முதல் தடவை ஊருக்குள் கரண்ட் வந்தபோது யார் வீட்டில் விளக்கு எரிந்தது? பிரசவத்துக்கு யாரைக் கூப்பிட்டீர்கள்? கடல் கடந்து போனவர் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் வராத வீடே குறைவு. பினாங்குக்கு ரஜூலா கப்பலில் போனவர், தனுஷ்கோடி வழியாகப் போட் மெயிலில் இலங்கைக்குப் போனவர், 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர், 1964ஐ ஒட்டிக் கையில் ஒன்றுமில்லாமல் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள்.

மொய் நோட்டு இருந்தால் விடாதீர்கள். பழைய கல்யாண மொய் நோட்டை விரித்து வைத்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். "இன்னார், இந்த ஊர், ரூபாய் ஒன்று" என்று வாசித்தவுடன், "அவரா, அவருதான் எங்க மாமனாருக்குக் கிடை போட்டவரு" என்று ஆரம்பிப்பார். அடுத்த பெயருக்குப் போவதற்குள் காப்பி ஆறிவிடும். உறவுமுறை, தொழில், எந்த ஊரோடு போக்குவரத்து, யாரோடு மொய் நின்றுபோனது, ஏன் நின்றது என்று அத்தனையும் அதில் இருக்கிறது. நாங்கள் பார்த்தவரை ஒரு மொய் நோட்டு தருகிற அளவுக்கு வேறெந்தக் கேள்விப் பட்டியலும் தந்ததில்லை.

ஒரே சம்பவத்தை இரண்டு நாளில் இரண்டு விதமாகச் சொல்கிறார். எது உண்மை?

இரண்டையும் பதிவு செய்யுங்கள். பொதுவாக, பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் முதுமையில் மிகத் தெளிவாக நினைவிருக்கும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஐம்பது வயதில் நடந்தது இருபதில் நடந்ததோடு போய் ஒட்டிக்கொள்வதும் சகஜம்.

எங்கள் கரையோர ஊர்களில் "புயல் வருசம்" என்றால் 1964ஆகவும் இருக்கலாம், கீழக்கரைப் பக்கம் கரையேறிய 1978 நவம்பர்ப் புயலாகவும் இருக்கலாம். பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. "தப்பாச் சொல்றீங்க தாத்தா" என்று மறித்தால் அன்றைக்குப் பேச்சு அதோடு சரி. மாறாக, "அப்ப எம்ஜிஆர் முதலமைச்சர் ஆயிட்டாரா?" என்று கேளுங்கள். ஆகிவிட்டார் என்றால் 1978. "நேரு செத்த வருசம்" என்றால் 1964.

ஒருவர் சொல்லுகிற பொய்யும் சில நேரம் தகவல்தான். ஊரே சேர்ந்து ஒரு சம்பவத்தை மாற்றிச் சொல்கிறது என்றால், ஏன் மாற்றினார்கள் என்பது தனியாகப் பார்க்கவேண்டிய விஷயம்.

யாரிடம் போவது? ஊரில் பெரிய மனிதர் என்று இருப்பவரிடம்தானே?

அவரிடமும் போங்கள், அவரிடம் மட்டும் போகாதீர்கள். கோயிலில் பரிவட்டம் கட்டுகிறவர் சொல்லும் ஊர் வரலாறு கோயில், திருவிழா, அவருடைய பாட்டனார் வெட்டிய ஊருணி என்று அழகாக இருக்கும். அதே ஊருணியில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது, டீக்கடையில் யாருக்குத் தனிக் குவளை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தத் தெருவைக் கடந்தார்கள் என்பது காலனித் தெருவில் இருக்கும் பெரியவருக்குத்தான் தெரியும். மேலத் தெருவில் கேட்டால் "எங்க ஊர்ல அப்படியெல்லாம் கிடையாது, தாயா புள்ளையா இருந்தோம்" என்பார்கள். நம்பித்தான் சொல்கிறார்கள், அதுதான் கொடுமை. ஒரு தெருவை மட்டும் பதிவு செய்துவிட்டு ஊர் நினைவு என்று பெயர் போடுவது நியாயமில்லை.

பெண்களை விட்டுவிடாதீர்கள். கல்யாணம் ஆகி வந்தவர்கள் என்பதால் அவர்களிடம் இரண்டு ஊர் இருக்கும். வந்த புதிதில் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்திருப்பதால் இந்த ஊரைப் பற்றி இங்கேயே பிறந்த ஆண்களை விட நுணுக்கமாகச் சொல்வார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்கமாட்டார்கள். கதிர் அறுப்பு, நூறுநாள் வேலை முடிந்து மரத்தடியில் இருக்கும் நேரம் நல்லது. பழைய மருத்துவச்சி யாராவது இருந்தால் அவர்தான் முதல் ஆள். எல்லாத் தெருவுக்குள்ளும் போய்வந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒப்பாரி பாடச் சொன்னால் மறுக்கிறார்கள். வற்புறுத்தலாமா?

கூடாது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. பேரன் பேத்தி இருக்கிற வீட்டுக்குள் வைத்துக் கேட்டால் கோபம்தான் வரும். வயல்காடு, கண்மாய்க்கரை என்று வீட்டை விட்டு வெளியே போனால் சிலர் தாங்களே பாடுவார்கள். பாடும்போது உண்மையாகவே அழுதுவிடுவார்கள். கணவரையோ தாயையோ நினைத்துக் கட்டிய வரிகள் அவை. அழுகை முடியும் வரை காத்திருங்கள், போனை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள்.

மறதி நோய் வந்தவரிடம் பேசலாமா?

வீட்டார் சம்மதித்தால் பேசலாம். காலை நேரம் நல்லது, பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள், அதைப் போல அவமானம் வேறில்லை. உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாதவர் நடவுப் பாட்டை அடி பிசகாமல் பாடுவார். கையில் ஒரு படியையோ அரிவாளையோ கொடுத்தால் வேலை செய்த ஞாபகம் வரும். பத்து நிமிடத்தில் களைத்துவிட்டால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு ஆய்வுப் பயிற்சி எதுவும் இல்லையே?

கரிசல் காட்டுப் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கிய கி. ராஜநாராயணனுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரையே வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 2021இல் காலமாகும்வரை எழுதிக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தார். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். நம் பேச்சு வழக்கிலேயே கேட்கத் தெரிந்திருப்பது பட்டத்தை விடப் பெரிய தகுதி.

எதில் பதிவு செய்வது?

கையில் இருக்கும் போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் சத்தம்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. தேதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் ஆரம்பத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். வீடியோ எடுத்தால் விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள், முதல் நாள் ஆடியோ மட்டும் போதும். வீட்டுக்கு வந்ததும் வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தது என்ற கதையை வாரம் ஒருவரிடமிருந்து கேட்கிறோம்.

அனுமதி வாங்க வேண்டுமா? பணம் கொடுக்கலாமா?

அனுமதி கட்டாயம். கையெழுத்து வேண்டியதில்லை, பதிவிலேயே வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கலாம். பேச்சு பாகப்பிரிவினை, பட்டா, வாய்க்கால் தகராறு என்று போனால் நிறுத்திவிட்டு, "இதை வெளியில போடலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர் அடிபடும் இடங்களை நாங்கள் யாருக்கும் தருவதில்லை. அவருடைய மகன் கேட்டாலும்.

பணம் கொடுத்தால் அடுத்த வீட்டில் கேள்வி வரும், கதையும் நீளும். வெற்றிலை பாக்கு, பழம், பல் இல்லாதவர்களுக்கு ரஸ்க் என்று வாங்கிப்போங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்றால் அன்றைய கூலியைக் கொடுப்பதுதான் முறை.

பேசப் போன வீட்டில் பெரியவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தெரிந்தால்?

இது அடிக்கடி நடக்கும். மூத்தோர் சொல் அமிர்தம் என்று பேசுகிற அதே வீட்டில், மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டில் போட்டு வைத்திருப்பார்கள். விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தல் (முடியாத முதியவர்களைக் குளிப்பாட்டியே சாகவைக்கும் வழக்கம்) பற்றிய செய்திகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீங்கள் நியாயம் பேச ஆரம்பித்தால் நீங்கள் போன பிறகு அடி பெரியவர் மேல்தான் விழும். அவர் தனியாக உதவி கேட்டால் முதியோர் உதவி எண் 14567ஐச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதாமாதம் ஜீவனாம்சம் பெற வழி உண்டு. வக்கீல் தேவையில்லை. மனு எழுதிக்கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

பதிவு செய்தவற்றை என்ன செய்வது?

முதல் பிரதி அந்த வீட்டுக்கு. பேரன் பேத்தி போனில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள். பெரியவருக்கே போட்டுக் காட்டுங்கள், கேட்டுவிட்டு "இன்னொண்ணு விட்டுப்போச்சே" என்று தொடங்குவார். இரண்டாவது பதிவு பெரும்பாலும் முதலாவதை விட நன்றாக இருக்கும்.

நாட்டார் பாடல், கதை என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்களை அணுகிப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கணக்கு நோட்டு போன்றவை கிடைத்தால் எடைக்குப் போடவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட காகிதங்களையும் புத்தகங்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார், அந்தச் சேகரிப்பிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான நூலகம் உருவானது. தர மனமில்லாத வீட்டில் நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதி கொடுக்கும்போது வெறும் ஆடியோவாகக் கொடுக்காதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேச்சு என்று அரைப்பக்கம் எழுதி அத்துடன் சேர்த்துக் கொடுங்கள். கண்மாய், மடை சம்பந்தப்பட்ட பதிவு என்றால் பாசன விவசாயிகள் சங்கத்துக்கும் ஒன்று. தண்ணீர் குறைந்த வருடத்தில் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள்.